பக்கத்தின் அளவு எங்கே ஒளிந்திருக்கிறது?

200 பக்க ஆய்வேடு ஒன்றைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து முடித்துவிட்டீர்கள். நாளை ஒப்படைக்க வேண்டும். புரட்டிப் பார்த்தால், மூன்றாம் இயலின் பக்கங்கள் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கின்றன! முதல் பக்கத்துக்குப் போய் 'ஏ4' என்று கட்டளை கொடுக்கிறீர்கள். முதல் இயல் பணிகிறது. மூன்றாம் இயல் அசையவில்லை. இது ஏன்?

முதலில் தாளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். ஜெர்மனியில் 1922இல் வகுக்கப்பட்ட தாள் அளவுகள், 1975இல் ஐ.எஸ்.ஓ. 216 என்னும் உலகத் தரமாயின. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏ0 தாளை நான்கு முறை பாதியாக்கினால் கிடைப்பது ஏ4. அதன் அளவு 210 × 297 மில்லிமீட்டர். அமெரிக்காவிலோ 'லெட்டர்' என்னும் 216 × 279 மில்லிமீட்டர் தாளே வழக்கம். அமெரிக்க முறைப்படி அமைந்த கணிப்பொறியில் புதிய ஏடு பெரும்பாலும் இந்த அளவிலேயே திறக்கும்.

18 மில்லிமீட்டர்தானே என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு புறமும் 25 மில்லிமீட்டர் ஓரம் விட்டு ஏ4 தாளில் 200 பக்கம் வரும் எழுத்து, லெட்டர் தாளில் ஏறத்தாழ 208 பக்கமாகும். பொருளடக்கத்தில் காட்டிய எண் ஒன்று, உண்மைப் பக்கம் வேறொன்று என்றாகிவிடும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். 'வேர்ட்' போன்ற மென்பொருளில் பக்க அளவு ஏடு முழுவதற்கும் உரியதன்று. அது ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே உரியது. பிரிவுகளைப் பிரிப்பது 'செக்ஷன் பிரேக்' என்னும் பிரிவுக் குறி. அதனை வயலின் எல்லைக்கல்லாகக் கொள்ளுங்கள். ஒரு வயலின் சட்டதிட்டமெல்லாம் அதன் முடிவில் உள்ள கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லைப் பிடுங்கினால், முன்வயல் பின்வயலோடு சேர்ந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டுவிடும்! அகலமான அட்டவணைக்காகப் படுக்கையாக வைத்த பக்கத்துக்கு முன்னுள்ள குறியை அழித்தால், முந்தைய பிரிவு முழுவதும் படுத்துக்கொள்வது இதனால்தான். நண்பரின் கணிப்பொறியில் எழுதிய இயலைப் பிரிவுக் குறியோடு ஒட்டும்போது, அதன் தாள் அளவும் கூடவே வந்துவிடுகிறது.

பரிகாரம் என்ன? முதலில் ஏட்டுக்கு ஒரு படி எடுத்து வையுங்கள். அடுத்து, பத்திக்குறிப் பொத்தானை அழுத்தி மறைகுறிகளை வெளிப்படுத்துங்கள். திரையின் அடிப்பட்டையில் வலச்சொடுக்குச் செய்து 'செக்ஷன்' என்பதைத் தேர்ந்தால், நீங்கள் எந்தப் பிரிவில் நிற்கிறீர்கள் என்பது தெரியும். பிறகு 'பேஜ் செட்டப்' பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பிரிவின் தாள் அளவையும் பாருங்கள். தவறான பிரிவில் ஏ4 என்று கொடுத்து, 'அப்ளை டு' என்னும் இடத்தில் 'திஸ் செக்ஷன்' என்பதைத் தேருங்கள். 'ஹோல் டாகுமென்ட்' என்றால் எல்லாம் ஒரேயடியாக மாறும். ஆனால் படுக்கைப் பக்கங்களும் நிமிர்ந்துவிடக்கூடும். ஆகவே அத்தகைய ஏட்டில் பிரிவு பிரிவாக மாற்றுவதே நலம். கடைசியாகப் பொருளடக்கத்தின் மேல் சுட்டியை வைத்து எஃப்9 விசையை அழுத்தினால் பக்க எண்கள் புதுப்பிக்கப்படும்.

'லிப்ரே ஆபீஸ்' பயன்படுத்துவோர், அளவைப் பக்கப் பாணியில் தேட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: அச்சிடும்போது தாளுக்கேற்ப எழுத்தைச் சுருக்கியோ பெருக்கியோ தரும் வசதி உண்டு. அது பிழையைத் திருத்துவதில்லை, மறைக்கிறது. தாளில் சரியாக இருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள்.

பக்க எண் என்பது ஓர் ஏட்டின் முகவரி. '112ஆம் பக்கம் காண்க' என்று நீங்கள் எழுதினால், படிப்பவர் உங்களை நம்பியே அங்கு செல்கிறார். ஆகவே அடுத்த முறை, முதல் வரியைத் தட்டச்சு செய்யுமுன் தாளின் அளவைப் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை, கடைசி இரவின் கண்விழிப்பைத் தவிர்க்கும்!