பண்ணையைப் பற்றி எழுதுங்கள், அளவோடும் கணக்கோடும் எழுதுங்கள்



முப்பத்து நான்கு வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செய்யாறு பக்கம் அப்பா விட்டுச்சென்ற மூன்றரை ஏக்கரில் ஏழு வருடமாக நெல்லும் மல்லாட்டையும் கொஞ்சம் காய்கறியும் ரசாயனம் இல்லாமல் செய்து வருகிறேன். முதல் வருடம் தூயமல்லி நன்றாகவே விளைந்தது. விளைந்ததை விற்கத்தான் எனக்குத் தெரியவில்லை. களத்துக்கு வந்த நெல் வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க என்ன ரகம் போட்டிருந்தாலும், என்ன உரம் போட்டிருந்தாலும் எனக்கு ஒரே விலைதான்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் எப்படி விளைவித்தேன் என்பது என்னையும் என் மனைவியையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மகள்தான் வழி சொன்னாள். "அப்பா, தினமும் போன்ல வயலைப் பத்தி அரைமணி நேரம் எங்கிட்ட பேசறீங்களே, அதையே எழுதிப் போடுங்க." ஒரு வலைப்பூ திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். இன்று என் அரிசி முழுவதும் அதைப் படிப்பவர்களின் வீடுகளுக்குத்தான் போகிறது. இந்த ஏழு வருடத்தில் நான் செய்த தப்புகளையும் கற்றுக்கொண்டதையும் இங்கே சொல்கிறேன். எழுத நினைக்கும் உழவர்களுக்கு உதவும்.

யாரும் படிக்காத ஆறு மாதம்

ஆரம்பத்தில் நான் எழுதியதெல்லாம் கட்டுரைப் போட்டிக்கு எழுதுவது மாதிரி இருந்தது. இயற்கை அன்னை, மண்ணின் மணம், முன்னோர் ஞானம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். படித்தவர்கள் ஒன்பது பேர். அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள்.

ஆறாவது மாதம் சென்னையிலிருந்து பழைய சக ஊழியர் போன் செய்தார். "என்னப்பா, உன் அரிசி டப்பாவைத் திறந்தா வண்டு ஓடுது. வீட்ல ஒரே சத்தம்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். ஆறு மாதத்துக்கான நெல்லை மொத்தமாக அரைத்து மூட்டை கட்டி வைத்திருந்தேன். மருந்து அடிக்காத அரிசியை அப்படி வைத்தால் வண்டு வராமல் என்ன செய்யும்?

அன்று இரவு அதை அப்படியே எழுதினேன். வண்டு ஏன் வந்தது, வந்தால் என்ன செய்வது என்று மட்டும். அரிசியை நிழலில் துணி மேல் பரப்புங்கள். வண்டு தானாக வெளியேறும். கடும் வெயிலில் காயப் போடாதீர்கள். அரிசி வெடித்து, சமைக்கும்போது உடைந்துவிடும். பிறகு சலித்து, காய்ந்த டப்பாவில் இரண்டு துண்டு வசம்போ நாலு காய்ந்த மிளகாயோ போட்டு மூடுங்கள். இனிமேல் நெல்லாகவே வைத்திருந்து, மாதம் ஒருமுறை கேட்ட அளவுக்கு மட்டும் அரைத்துத் தருகிறேன் என்றும் எழுதினேன்.

அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த வாரத்துக்குள் முன்பின் தெரியாத பதினொரு பேர் போன் செய்தார்கள். மூன்று பேர் அரிசி கேட்டார்கள். வாசகர் எதற்காக வருகிறார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவர் வீட்டிலோ வயலிலோ ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு, செய்து பார்த்த ஒருவர் நேர்மையாகச் சொல்லும் பதில் வேண்டும்.

ஒரு கருகிய நாற்றங்கால்

படிக்க ஆள் வந்த பிறகு அடுத்த பாடம் கிடைத்தது. அது கொஞ்சம் கசப்பானது.

கத்தரிக்கு மீன் அமிலம் அடித்து நல்ல பலன் கிடைத்தது என்று உற்சாகமாக எழுதினேன். "100 மில்லி கலந்து அடித்தேன், ஒரு வாரத்தில் இலை பளபளவென்று ஆகிவிட்டது" என்று போட்டேன். எத்தனை தண்ணீரில் என்று எழுதவில்லை. என்னைப் பொறுத்தவரை அது பத்து லிட்டர் டேங்க். எல்லோருக்கும் தெரியும்தானே என்று விட்டுவிட்டேன்.

புதிதாக விவசாயத்துக்கு வந்த ஒரு தம்பி அதைப் படித்துவிட்டு 100 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, பகல் பன்னிரண்டு மணிக்கு, இருபது நாள் நாற்றின் மேல் அடித்துவிட்டார். மறுநாள் நாற்றங்காலே கருகிப்போய்விட்டது. போட்டோ அனுப்பியிருந்தார். திட்டவில்லை. "சார், நான் ஏதாவது தப்பா செஞ்சிட்டேனா?" என்றுதான் கேட்டிருந்தார். அது என்னை இன்னும் அதிகமாகச் சுட்டது.

வங்கியில் தொகையை எழுதிக் கணக்கு எண்ணை விட்டுவிட்டால் பணம் யாருக்குப் போகும்? நான் செய்தது அந்த மாதிரி வேலை. அவருக்கு விதைப் பணமும் என் நாற்றங்காலில் பாதியும் கொடுத்தேன். பழைய பதிவை அழிக்கவில்லை. அதன் தலையிலேயே, "இதில் தண்ணீர் அளவை எழுதாமல் விட்டேன், ஒருவருக்கு நாற்று கருகிவிட்டது, சரியான அளவு இது" என்று தேதியோடு திருத்தம் போட்டேன். ஆள் குறைந்துவிடும் என்று பயந்தேன். ஒருவர்கூடப் போகவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கரைசலைப் பற்றி எழுதினாலும் ஆறு விவரம் இல்லாமல் வெளியிடுவதில்லை: என்ன பயிர், எத்தனை நாள் வயது, எவ்வளவு கரைசல், எவ்வளவு தண்ணீர், எந்த நேரத்தில் அடித்தேன், பிறகு என்ன ஆனது. கடைசி விவரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்றிருந்தாலும் எழுதுகிறேன். நம் எழுத்தை நம்பி ஒருவர் வயலில் இறங்குகிறார் என்பதை மறக்கக்கூடாது.

மாதிரிக்கு ஒரு குறிப்பு

நீளமாக எழுத வேண்டியதில்லை. நான் போட்ட ஒன்றைத் தருகிறேன்:

"நெல் விதையில் பதர் நீக்க உப்புக் கரைசல். இன்று தூயமல்லி விதை 20 கிலோ எடுத்தேன். 10 லிட்டர் தண்ணீரில் ஒரு புது கோழிமுட்டையைப் போட்டு, அது மேலே வந்து பழைய நாலணாக் காசு அளவுக்குத் தெரியும்வரை உப்பு கரைத்தேன். ஒன்றரைக் கிலோ பக்கம் உப்பு பிடித்தது. விதையைப் பகுதி பகுதியாகப் போட்டுக் கிளறி, மிதந்ததை அள்ளினேன். 1 கிலோ 300 கிராம் வந்தது. மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவினேன். உப்பு நின்றால் முளைப்பு கெடும். முளைப்பு எப்படி என்று அடுத்த வாரம் சொல்கிறேன்."

இவ்வளவுதான். கூடவே மிதக்கும் முட்டையின் போட்டோ ஒன்று. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டால் சொல்லியே ஆகவேண்டும். படிப்பவரும் காத்திருப்பார்.

ஆள் சேர்வது எப்படி?

முதலில் நாள் தவறக்கூடாது. மாதம் நூறு ரூபாய் தவறாமல் கட்டுகிறவரை வங்கி மதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்தும் அப்படித்தான். நான் வெள்ளிக்கிழமை மாலை ஒன்று என்று வைத்திருக்கிறேன். உற்சாகத்தில் ஒரே வாரம் ஏழு போட்டுவிட்டு மூன்று மாதம் காணாமல் போவதைவிட இது மேல். அறுவடைக் காலத்துக்கென்று இரண்டு மூன்று குறிப்பு முன்பே எழுதி வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது, தலைப்பு. "வயலின் கண்ணீர்" என்று வைத்தால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. "அரிசியில் வண்டு வந்தால் என்ன செய்வது?" என்று வைத்தால், அதே கேள்வியைப் போனில் தட்டுபவர் நேராக நம்மிடம் வருவார். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதையும் கவனியுங்கள். நமக்கு மல்லாட்டை, இன்னொரு ஊரில் கடலை, வேர்க்கடலை, நிலக்கடலை. முதல் பத்தியிலேயே இந்தப் பெயர்களைச் சேர்த்து எழுதினால் எல்லா ஊர்க்காரருக்கும் கிடைக்கும்.

மூன்றாவது, பருவத்துக்கு முன்னால் எழுதுங்கள். விதைநேர்த்தி பற்றி, நாற்று விடுவதற்குப் பதினைந்து நாள் முன்பு வந்தால்தான் பயன். நாற்று விட்ட பிறகு வந்தால் அடுத்த வருடத்துக்குத்தான்.

நான்காவது, வாசலில் போய்ச் சொல்லுங்கள். வலைப்பூவில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு அரிசிப் பையிலும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு வைக்கிறேன். ரகம், அரைத்த தேதி, என் வலைப்பூ விலாசம். வெள்ளிக்கிழமை இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். குழு வைத்துப் பார்த்தேன். காலை வணக்கமும் அரசியலும் வந்து குறிப்பு அடியில் போய்விட்டது. இப்போது பிராட்காஸ்ட் பட்டியல்தான். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் அவர்கள் நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் கேட்டுவிட்டுச் சேருங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது, திருப்பிக் கேளுங்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ மரபு விதை கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார்கள். மரபு நெல் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. நானும் குறிப்பின் அடியில், "செய்து பார்த்தால் என்ன ஆனது என்று சொல்லுங்கள்" என்று எழுதுகிறேன். அவர்கள் சொன்னதை, அனுமதி வாங்கி, அவர்கள் பெயரோடு அடுத்த குறிப்பில் போடுகிறேன். பெயர் வந்தவர் பத்துப் பேருக்குக் காட்டுவார். எனக்கும் எழுத விஷயம் கிடைக்கிறது. இன்று நான் எழுதுவதில் பாதி, படிப்பவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில்தான்.

விற்பனை பற்றி ஒரு சொல். நாலு குறிப்பு பயனுள்ளதாகக் கொடுத்தால் ஒருமுறை "அரிசி தயார்" என்று சொல்லலாம். எப்போதும் விலைப்பட்டியலே வந்தால் ஆள் விலகிவிடுவார்.

எழுதக் கூடாதவை

"இந்த அரிசி சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். யாராவது அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். சட்டமும் இருக்கிறது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உணவைப் பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம்.

சான்றிதழ் இல்லாவிட்டால் இருப்பது போல் காட்டாதீர்கள். "சான்றிதழ் வாங்கவில்லை, இத்தனை வருடமாக ரசாயனம் போடவில்லை, வந்து பாருங்கள்" என்று எழுதலாம். உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் பிஜிஎஸ் முறையில் இருந்தால் அதைச் சொல்லுங்கள். பக்கத்து வயல்காரர் மருந்தடிப்பதைப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். நாளைக்கு அவரும் நம் பக்கம் வரவேண்டியவர்.

எழுதத் தெரியாதே என்பவர்களுக்கு

தட்டத் தெரிய வேண்டியதில்லை. போன் விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். எண்களை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். நாற்றங்கால் கருகியதும் எண்ணால்தான். கூகுளின் பிளாகரில் இலவசமாக வலைப்பூ திறக்கலாம். ஜிமெயில் கணக்கு போதும். வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதினால் பத்து நாளில் புதைந்துவிடும். வலைப்பூவில் இருந்தால் மூன்று வருடம் கழித்தும் ஒருவர் தேடி எடுப்பார். அரிசி வண்டு பற்றிய பழைய குறிப்பைப் படித்துவிட்டு இன்றும் மாதம் ஒருவராவது போன் செய்கிறார்கள்.

கணக்கு

வங்கிக்காரன் கணக்குச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஏழு வருடத்தில் என் பட்டியலில் இருப்பவர்கள் இருநூற்று முப்பது பேர். அதில் தவறாமல் அரிசி வாங்குவது நாற்பத்தாறு குடும்பம். என் மூன்றரை ஏக்கருக்கு அதுவே போதும். போன வருடம் ஏழு குடும்பத்துக்குக் கொடுக்க அரிசி இல்லை. அவர்களைச் செய்யாறு பக்கமே இருக்கும் வேறு இரண்டு உழவர்களிடம் அனுப்பினேன். லட்சம் பேர் படிக்க வேண்டும் என்று ஏங்காதீர்கள். உங்கள் நிலத்தின் அளவுக்கு எத்தனை குடும்பம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டிவிடக்கூடிய எண்ணாகத்தான் இருக்கும்.

அந்த நாற்றங்கால் தம்பியும் இப்போது எழுதுகிறார். அளவும் நேரமும் விடாமல் எழுதுகிறார். ஒரு நாள் என் குறிப்பில் வேப்பெண்ணெய்க் கரைசலுக்குச் சோப்பு அளவு விட்டுப்போனதை அவர்தான் போனில் சொன்னார்: "சார், எண்ணெய் தண்ணில கரையாதே, சோப்பு எவ்வளவு?" உடனே திருத்தினேன்.

இந்த வாரம் உங்கள் வயலில் செய்த ஒரே ஒரு வேலையை, அளவோடு, பத்து வரியில் எழுதிப் பாருங்கள். முதலில் பக்கத்து உழவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கான பதிலையும் அதில் சேர்த்துவிட்டு வெளியிடுங்கள்.