செர்னோபில் விளையாட்டும் குற்றாலச் சாரலும்

ஆடி மாதம் குற்றாலத்திற்குப் போயிருக்கிறீர்களா? பேரருவியில் முட்டி மோதிக் குளித்துவிட்டு, தலை துவட்டாமலேயே சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றிருக்கிறீர்களா? சென்ற சாரல் காலத்தில் நானும் அதற்காகத்தான் போனேன். தென்காசியில் என் அக்கா வீட்டில் தங்கல். வெளியே பூந்தூறல். உள்ளேயோ, கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் கணிப்பொறியின் முன்னால் அமர்ந்திருந்தான். அறை முழுவதும் ‘டிக்... டிக்... டிக்டிக்டிக்’ என்று ஓர் ஒலி.

எட்டிப் பார்த்தேன். திரையில் மனித நடமாட்டமே இல்லாத ஒரு நகரம். நடுவே துருப்பிடித்த இராட்டினம்.

“மாமா, இது செர்னோபில். இந்தச் சத்தம் கைகர் கருவி. வேகமாக அடித்தால் அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும்” என்றான் அவன். ஓடினான். பிறகு திரையில் இருந்த மனிதன் ஒரு புட்டி வோட்காவைக் குடித்தான். உடனே கதிரியக்க அடையாளம் குறைந்தது.

பின்னால் நின்றுகொண்டிருந்த அவன் தங்கை ஒன்பதாம் வகுப்பு மாணவி. “நிஜமாகவே சாராயம் குடித்தால் கதிரியக்கம் போய்விடுமா, மாமா?” என்று கேட்டாள். “இல்லை” என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அவள் அடுத்துக் கேட்டாள்: “அப்படியென்றால் இந்த விளையாட்டில் எது உண்மை, எது பொய்?” அதற்குப் பதில் சொல்லத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். இதன் பெயர் ‘ஸ்டாக்கர்’. உக்ரைன் நாட்டில் கீவ் நகரைச் சேர்ந்த ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு என்ற நிறுவனம் தயாரித்தது. இதுவரை நான்கு பெரிய விளையாட்டுகள் வந்துள்ளன: 2007-இல் ‘ஷேடோ ஆஃப் செர்னோபில்’, 2008-இல் ‘கிளியர் ஸ்கை’, 2009-இல் ‘கால் ஆஃப் பிரிப்பியாத்’, நீண்ட இடைவெளிக்குப் பின் 2024 நவம்பரில் ‘ஹார்ட் ஆஃப் சோர்னோபில்’. (எழுத்து மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? ‘செர்னோபில்’ ரஷ்ய உச்சரிப்பு. ‘சோர்னோபில்’ உக்ரைனிய உச்சரிப்பு. 2022-இல் தொடங்கிய போருக்குப் பின் தயாரிப்பாளர்கள் தங்கள் மொழியின் பெயருக்கு மாறினார்கள்.) அணு உலை விபத்துக்குப் பிறகு அங்கே இரண்டாவதாக ஒரு மர்ம விபத்து நடந்ததாகக் கற்பனை செய்து, அந்தத் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் துப்பாக்கியோடு நுழைந்து பிழைத்து வருவதுதான் எல்லாவற்றிலும் கதை. இவை 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தரம் பிரிக்கப்பட்டவை. ஆகவே உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகள் அண்ணன் தோள் வழியாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்!

இனி உண்மைக் கதைக்கு வருவோம். 1986 ஏப்ரல் 26 அதிகாலை, செர்னோபில் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. மறுநாள் பிரிப்பியாத் நகரின் ஏறத்தாழ 49,000 மக்கள் பஸ்களில் ஏற்றப்பட்டனர். மே முதல் நாள் விழாவுக்காகக் காத்திருந்த அந்த இராட்டினம் அப்படியே நின்றது. பின்னர் உலையைச் சுற்றி 30 கிலோமீட்டர் வட்டம் காலி செய்யப்பட்டது.

30 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு? அக்கா மகள் ஒரு வரைபடத்தை எடுத்து வந்தாள். தென்காசிக் கோபுரத்தில் காம்பஸின் முள்ளைக் குத்தி வட்டம் போட்டோம். குற்றாலம் உள்ளே. செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம், சுரண்டை, கடையம் எல்லாம் உள்ளே. மலைக்கு அப்பால் கேரளத்து ஆரியங்காவும் உள்ளே. வட்டத்தின் பரப்பு நீங்களே கணக்கிடலாம்: ஏறத்தாழ 2,830 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஒரு தென்காசி மாவட்டம்! கோபுரத்தில் உலை இருந்தால், பிரிப்பியாத் நகரம் குற்றாலம் போகும் வழியிலேயே வந்துவிடும். செர்னோபில் ஊர் கடையநல்லூர்ப் பக்கம் இருக்கும். அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நம் பள்ளிக்கூடமும் உள்ளேதான்” என்றாள்.

நான்காவது விளையாட்டின் நிலப்பரப்போ சுமார் 60 சதுர கிலோமீட்டர்தான் என்று தயாரிப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். கணிப்பொறி விளையாட்டுக்கு அது மிகப் பெரியது. உண்மை இடத்தோடு ஒப்பிட்டால் ஒரு மூலை. அதற்கு முந்தைய மூன்றிலும் நிலம் துண்டு துண்டாக இருந்தது. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சற்றுக் காத்திருக்க வேண்டும். மூன்றாவதில் மொத்தமே மூன்று பெரிய துண்டுகள். ஆனால் ஒவ்வொன்றும் நுணுக்கமாகச் செய்யப்பட்டது. விழுந்து நொறுங்கிய ஐந்து ஹெலிகாப்டர்களைத் தேடிப் போகும் கதை அது. நால்வகையில் எனக்குப் பிடித்தது அதுதான். அக்கா மகன் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் விளையாட்டின் பயம் வேறு எதிலும் வராது என்பது அவன் கட்சி. இரண்டாவதைப் பற்றி மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. வெளிவந்தபோது அதில் அவ்வளவு பிழைகள்!

அறிவியல் நோக்கில் மிகச் சுவையான பகுதி வேறொன்று. முதல் விளையாட்டிலேயே ‘ஏ-லைஃப்’ என்றொரு ஏற்பாடு இருந்தது. ஆடுபவர் பார்க்காத இடத்திலும் மனிதர்களும் மிருகங்களும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். அத்தனை பேரின் கை, கால் அசைவுகளையும் கணிப்பொறி எப்படிக் கணக்கிடும்? கணக்கிடாது. தென்காசி நிலைய அதிகாரிக்கு, மதுரையைத் தாண்டி வரும் ரயில் ஏட்டில் ஓர் எண் மட்டுமே. நடைமேடைக்குள் நுழைந்த பிறகுதான் ஜன்னல், சன்னலோரக் குழந்தை, முறுக்கு விற்பவர் எல்லாம் கண்ணில் படும். அதே தந்திரம்தான். தொலைவில் இருப்பவர் வரைபடத்தில் நகரும் ஒரு புள்ளி. அருகே வந்தால் முழு மனிதர். 2024-இன் விளையாட்டில் இதை இன்னும் பெரிதாகச் செய்வோம் என்றார்கள். வெளியான நாளில் அது சரியாக இயங்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆட்கள் திடீரென்று முளைத்தார்கள். பின்னர்ச் சிறிது சிறிதாகத் திருத்தினார்கள். போருக்கு நடுவே, பணியாளர்களில் பலர் செக் நாட்டின் பிராக் நகருக்குக் குடிபெயர்ந்து, சிலர் ராணுவத்தில் சேர்ந்து, முடிக்கப்பட்ட விளையாட்டு அது. ‘கிளியர் ஸ்கை’யில் பணியாற்றிய ஒருவர் 2022-இல் போர்முனையில் உயிரிழந்தார்.

சரி, அந்த ‘டிக்டிக்’ ஒலி? அது உண்மை. ஹான்ஸ் கைகர் 1908-இல் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். 1928-இல் தம் மாணவர் முல்லருடன் சேர்ந்து செப்பம் செய்தார். மெல்லிய வாயு அடைத்த ஒரு குழாய். நடுவே ஒரு கம்பி. கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே உயர்ந்த மின்னழுத்தம். ஒரு கதிர் உள்ளே பாய்ந்தால் வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிடுங்கப்படும். அவை கம்பியை நோக்கி விரையும்போது மேலும் பல அணுக்களைத் தாக்கும். மலையில் உருண்ட ஒரு கல் பல கற்களைத் தள்ளிக்கொண்டு வருவதைப் போல! நொடியின் சிறு பகுதியில் ஒரு மின் துடிப்பு; அதுவே ‘டிக்’. ஆனால் ஒன்று. விளையாட்டில் ஆபத்து இல்லாத இடத்தில் கருவி மௌனமாகிவிடுகிறது. உண்மையில் அது ஒருபோதும் முழு மௌனம் கொள்வதில்லை. தரையும் பாறையும், வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும், நாம் தின்னும் வாழைப்பழத்தின் பொட்டாசியமும்கூட அதைத் தட்டி எழுப்பும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் இன்னும் வேகமாகவே அடிக்கும். அங்கே மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது.

விளையாட்டில் கதிரியக்கம் திட்டுத் திட்டாக இருக்கிறது. இங்கே ஆபத்து; பத்தடி தள்ளி ஒன்றுமில்லை. இது கற்பனை என்றுதான் அவள் நினைத்தாள். அல்ல! நால்வகை விளையாட்டிலும் மிகச் சரியான செய்தி இதுதான். காரணம் மழை. குற்றாலத்தில் சாரல் கொட்டும்போது, கிழக்கே ஆலங்குளத்தில் வெயில் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் காற்று, ஈரத்தை இறக்குகிற இடத்தில் இறக்கிவிடுகிறது. 1986-இலும் அப்படித்தான். கதிரியக்கத் தூசி மேகம் எங்கும் போயிற்று. மழை எங்கே பெய்ததோ அங்கே தூசியும் இறங்கிற்று. செர்னோபிலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால், பெலாரஸ், ரஷ்ய எல்லையில், அருகிலிருந்த சில ஊர்களைவிடக் கூடுதலாகத் தூசி விழுந்த இடங்கள் உண்டு. தொலைவில் இருக்கும் பிரிட்டனில், மழை பெய்த மலைப்பகுதிகளின் ஆடுகளை விற்பதற்கு இருந்த கட்டுப்பாடு 2012 வரை நீங்கவில்லை.

வானம் செந்நிறமாகி எல்லோரையும் பொசுக்கும் ‘எமிஷன்’ என்பது முழுக் கற்பனை. முதல் இரண்டில் கதைக்குத் தேவையான இடத்தில் மட்டும் வரும். மூன்றாவதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வந்துவிடும். அறிவிப்பு கேட்டதும் கட்டடத்திற்குள் ஓட வேண்டும். “இது பழைய குற்றாலம் மாதிரி” என்றாள் அக்கா மகள். அவள் சொன்னது 2024 மே 17-ஆம் நாளை. மலைமேல் பெய்த மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். வெள்ளத்திற்காவது ஓசை உண்டு, கலங்கல் நிறம் உண்டு. அருவியில் தண்ணீர் கலங்கினால் அந்த நொடியே விலகி வர வேண்டும் என்று தென்காசிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கதிரியக்கத்திற்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையும் இல்லை. அன்று அதிகாலை தீயை அணைக்கப் போனவர்களுக்கு அது தெரியவில்லை. தீயணைப்பவர்களும் உலைப் பணியாளர்களுமாக 134 பேருக்குக் கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதி செய்யப்பட்டது. அவர்களில் 28 பேர் அந்த ஆண்டே இறந்தார்கள்.

இனி வோட்கா. நான்கு விளையாட்டுகளிலும் அது மருந்து. அந்நாளில் உலையில் துப்புரவுப் பணி செய்தவர்களிடையே பரவியிருந்த நம்பிக்கை விளையாட்டிலும் ஒட்டிக்கொண்டது. கதிர் உடலில் பாய்ந்து செல்களை உடைத்துவிட்டால், அதைக் கழுவி வெளியேற்ற எந்தப் பானமும் இல்லை. கதிரியக்கத் தூசியை விழுங்கியிருந்தால் அது வேறு நிலைமை. சீசியம் புகுந்திருந்தால் ‘பிரஷ்யன் நீலம்’ கொடுப்பார்கள். ஆம், ஓவியர்கள் பயன்படுத்தும் அதே நீலப் பொருள்தான், மருந்துக்காகத் தூய்மை செய்யப்பட்டது! குடலில் சீசியத்தைப் பற்றிக்கொண்டு வெளியேறும். கதிரியக்க அயோடின் பரவும் அபாயம் இருந்தால், முன்கூட்டியே சாதாரண அயோடின் மாத்திரை. தைராய்டு சுரப்பி அதனால் நிறைந்துவிட்டால் கெட்ட அயோடினுக்கு இடமிருக்காது.

இந்த அயோடின் விஷயம்தான் விளையாட்டில் எங்கும் இல்லை. விளையாட்டில் குழந்தைகளும் இல்லை. 1986-இல் புல்லின்மேல் அயோடின்-131 விழுந்தது. மாடு மேய்ந்தது. பால் கறந்தார்கள். பிள்ளைகள் குடித்தார்கள். அதன் அரை ஆயுள் எட்டே நாள். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதற்குள் வேலை முடிந்துவிட்டது. அப்போது 18 வயதுக்குட்பட்டிருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு 2005-க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதில் பெரும்பகுதிக்கு அந்தப் பாலே காரணம். நல்லவேளையாக, சிகிச்சையால் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர். இதைச் சொன்னபோது அவள் கையில் காபித் தம்ளர் இருந்தது. குடிக்கவில்லை.

“இப்போதும் அங்கே இருக்கிறதா?” என்று கேட்டாள். அயோடின் இல்லை. சீசியம்-137 இருக்கிறது, அதன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டுகள். 2016-இல் பாதியானது. அதே ஆண்டு நவம்பரில்தான் உடைந்த உலையின்மேல் மாபெரும் எஃகுக் கூரையை நகர்த்தி மூடினார்கள். 2025 பிப்ரவரியில் ஒரு டிரோன் மோதி அதில் ஓட்டை விழுந்தது. மனிதர்கள் இல்லாததால் ஓநாய்கள் பெருகியிருக்கின்றன. 1998-இல் கொண்டுவந்து விட்ட ஷெவால்ஸ்கி காட்டுக் குதிரைகள் மேய்கின்றன. விளையாட்டில் வரும் கோர மிருகங்கள் எங்கும் இல்லை.

2046-இல் அந்தச் சீசியத்தில் கால் பங்கு மீதியிருக்கும். அப்போது தனக்கு எத்தனை வயது என்று வரைபடத்தின் ஓரத்தில் அவள் கணக்குப் போட்டாள். உங்கள் வயதையும் போட்டுப் பாருங்கள்.