காங்கிரீட்டில் ஒரு விரிகுடா

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சாசலீட்டோ என்று ஒரு கரையோர ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே கப்பல் கட்டும் தளம் இருந்தது. அதன் பழைய கிடங்கு ஒன்றுக்குள், சுமார் ஒன்றரை ஏக்கரில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவே கிடக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை 1957-இல் காங்கிரீட்டில் வார்த்து முடித்த மாதிரி அது. நீள அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆழத்தில் நூற்றில் ஒரு பங்கு.

அதைக் கட்டவைத்தவர் ஜான் ரீபர். நாடகம் போட்டவர், பொறியாளர் அல்ல. விரிகுடாவின் குறுக்கே இரண்டு அணைகள் எழுப்பினால் உப்புநீர் ஒதுங்கி நன்னீர் ஏரிகள் கிடைக்கும் என்று பல ஆண்டுகள் பேசிவந்தார். ஆதரவும் பெருகியது. அணையைக் கட்டிப் பார்த்துவிட்டுச் சரிவரவில்லை என்று இடிப்பது நடக்கிற காரியமா? அதனால் சிறிதாகக் கட்டிப் பார்த்தார்கள். 1960களின் தொடக்கத்தில் திட்டம் தேறாது என்று தெரிந்துபோயிற்று.

நிஜத்தில் 24 மணி 50 நிமிடம் எடுக்கும் ஓதச் சுற்று அங்கே 14.9 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓர் ஆண்டை ஓட்டிப் பார்க்க நான்கு நாள்கூட வேண்டாம். ஆனால் ஆழத்தைப் பத்து மடங்கு மிகைப்படுத்தியதில் ஒரு சங்கடம்: அப்படியே விட்டால் நீர் தடையில்லாமல் விரைந்தோடிவிடும். அதற்காகத் தரையெங்கும் சுமார் இரண்டரை லட்சம் செம்புப் பட்டைகளை நட்டு, நிஜ விரிகுடாவில் அளந்த ஓதத்தோடு ஒத்துவரும்வரை திருத்தினார்கள். சாயம் கலந்துவிட்டால் கழிவு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதை ஓரத்தில் நின்றே பார்க்கலாம்.

2000-இல் ஆய்வுப்பணி நின்றது. இன்று அதே விரிகுடா கணினியில் சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்து, எண்களாக இருக்கிறது. செம்புப் பட்டைகளின் வேலையைத் தரையின் சொரசொரப்பைக் குறிக்கும் எண் செய்கிறது. அதையும் அளவீட்டோடு ஒத்துவரும்வரை திருத்தத்தான் வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமைக்கு மட்டும் மாற்று வரவில்லை. விரிகுடாவின் வாயான கோல்டன் கேட் அருகே 1854 முதல் இடைவிடாமல் பதிவாகிவரும் ஓத அளவு இன்றும் கைகொடுக்கிறது.

மற்றபடி வசதி பெருகிவிட்டது. அன்று கடலடியின் வடிவத்தை மாற்றிப் பார்க்க வேண்டுமானால் காங்கிரீட்டில் கைவைக்க வேண்டும். இன்று கோப்பில் சில எண்களை மாற்றினால் போதும். ஆனால் அன்று தண்ணீர் தவறான பக்கம் போனால் அருகில் நின்ற எவர் கண்ணிலும் பட்டிருக்கும். இன்று தவறான விடையும் சரியான விடையைப் போலவே அழகான வண்ணங்களில் திரைக்கு வருகிறது. எது எது என்று சொல்ல, அந்தக் கணிப்புக்குப் பின்னுள்ள சமன்பாடுகளில் ஊறியவர்தான் வேண்டும். இந்த இழப்பைச் சிறியதென்று எனக்குத் தள்ளத் தோன்றவில்லை.

ஆய்விலிருந்து ஓய்வுபெற்ற மாதிரி இப்போது பார்வையாளர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்துகிறது. ஓதம் ஏறி இறங்குவதைக் காட்ட அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. கடல்மட்ட உயர்வைக் காட்டச் சொன்னால்தான் திணறும்: ஒரு மீட்டர் உயர்வு அங்கே வெறும் ஒரு சென்டிமீட்டர். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கணினி மாதிரியோ கால் மீட்டர் கால் மீட்டராக இரண்டு மீட்டர் வரை ஏற்றி, கூடவே புயலையும் சேர்த்து, எந்தத் தெருவரை வெள்ளம் வரும் என்று வரைபடத்தில் காட்டிவிடுகிறது.