குட்டி யானை டிஃபரென்ஷியல் நம்ம ப்ராஜெக்ட் காருக்குத் தாங்குமா?

கட்டுமாவடி மீன் மார்க்கெட் பக்கம் போனீங்கன்னா ஐஸ் பெட்டி அடுக்கின டாடா ஏஸ்களைப் பார்க்கலாம். "இவ்வளவு பாரம் சுமக்குற வண்டியோட டிஃபரென்ஷியல், 120 குதிரைத்திறன் இன்ஜினைத் தாங்காதா?" பின்சக்கரம் ஓட்டுற ப்ராஜெக்ட் கார் கட்டுற யாருக்கும் இந்த ஆசை வரும், அதுவும் பழைய இரும்பு விலைக்குக் கிடைச்சா. தாங்காது.

பாரத்தைச் சுமப்பது ஆக்சில் ஹவுசிங்கும் பேரிங்கும். க்ரவுன், பினியன் பற்களுக்கு வர்றது டார்க். ரெண்டும் வேற வேற கணக்கு. 2005-ல வந்த முதல் ஏஸ்ல 702 சிசி டீசல், 16 குதிரைத்திறன், டார்க் 40 நியூட்டன் மீட்டருக்கும் கம்மி. ஸ்கார்பியோவோட 120 குதிரைத்திறன் எம்ஹாக் இன்ஜின் தர்றது 290. ரெண்டுக்கும் முதல் கியர் 4:1னு வச்சுக்குவோம். ஏஸ் பினியனுக்கு வர்றது 160, எம்ஹாக் அனுப்புறது 1160.

ஆனா அந்த 1160 முழுசா பல்லுக்கு வராது. டயர் அதுக்கு முன்னாடியே வழுக்கிடும். பின்பக்க எடை 800 கிலோ, டயர் ஆரம் 0.33 மீட்டர், உராய்வு 0.9ன்னா, சக்கரம் பிடிக்கிற டார்க் சுமார் 2300. ரேஷியோ 4.1ஆல வகுத்தா பினியன்ல 560. அப்பவும் ஏஸ் பார்க்குறதுக்கு மூணு மடங்குக்கு மேல. இதுல இன்னொண்ணும் தெரியுது: நல்லா பிடிக்கிற டயர் மாட்டினா டிஃபரென்ஷியலுக்குத்தான் ஆபத்து. கிளட்சைப் படார்னு விட்டா வர்ற அடி இந்தக் கணக்குல சேரவே இல்ல.

அதனால, உங்க இன்ஜின் அளவு டார்க் உள்ள வண்டியிலிருந்தே எடுங்க. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்துல ஸ்கார்பியோ, இன்னோவா ஆக்சில் தேடலாம். 2015 தார்ல மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரென்ஷியல் வந்துச்சு, கிடைச்சா யோகம்.

ரேஷியோவைக் கடைக்காரர் வாய்ச்சொல்லா நம்பாதீங்க. ஒரு பக்க ஹப்பை அசையாம பிடிச்சுக்கிட்டு, மறுபக்கத்தை ரெண்டு முழுச்சுற்று சுத்துங்க. பினியன் எத்தனை சுத்துதோ அதுதான் ரேஷியோ. (சாதாரண ஓப்பன் டிஃபரென்ஷியலுக்கு மட்டும். ஒரு பக்கம் சுத்தினா மறுபக்கமும் அதே திசையில சுத்துதுன்னா, லாக் இருக்கு, இல்ல யாரோ உள்ளே வெல்ட் அடிச்சிருக்காங்க.) 4.1க்கும் 5.1க்கும் என்ன வித்தியாசம்? 6000 ஆர்பிஎம், டாப் கியர் 1:1, டயர் சுற்றளவு 1.9 மீட்டர்னா, முதலாவதுல மணிக்கு 167 கிலோமீட்டர், அடுத்ததுல 134.

வாங்கும்போது ட்ரெயின் பிளக்கைக் கழட்டி ஆயிலைக் கையில தடவிப் பாருங்க. மெல்லிய சாம்பல் பசை இருந்தா பரவாயில்ல. மினுக்குற துண்டு இருந்தா திரும்பிடுங்க. ஆயில் பால் மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு. நம்ம கடற்கரை வண்டின்னா ரொம்ப கவனம்: மீன் பெட்டியிலிருந்து உப்புத்தண்ணி வருஷக்கணக்கா ஹவுசிங் மேல சொட்டியிருக்கும். பெயிண்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க, வெல்ட் ஓரத்துல ஸ்க்ரூட்ரைவரால தட்டிப் பாருங்க.

க்ரவுனும் பினியனும் ஜோடியா தேய்ச்சு எடுத்தது. ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கணும். ஒண்ணை மட்டும் மாத்தினா ஊளையிடும், சீக்கிரம் பல் போகும்.

கடைசியா ஆக்சில் ஷாஃப்ட். நிறைய கார்கள்ல இருக்குற செமி-ஃப்ளோட்டிங் வகையில வண்டி எடையும் அது மேலதான். ஹப் பக்கம் ஒடிஞ்சா சக்கரமே கழண்டு போகலாம். முறுக்கின தடம், விரிசல் இருக்கான்னு டை பெனட்ரன்ட் போட்டுப் பாருங்க. காலேஜ் லேப்லயே செய்யலாம். பழைய வண்டியோட பதிவு எண்ணோட பில்லும் வாங்கிக்குங்க. ரோட்டுல ஓட்டப்போற வண்டின்னா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி வேணும், அதை வெல்டிங்குக்கு முன்னாடியே கேளுங்க.