ஒரு கண்ணை மூடிப் பார்

"கண்ணால் பார்க்கிறோம், காதால் கேட்கிறோம்" என்று ஒப்பித்துவிட்டால் நம் மழலையர் வகுப்புகளில் ஐம்புலன் பாடம் முடிந்தது. பெங்களூர் ஜீவனஹள்ளியில், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைக்கு இந்த வாக்கியம் மூன்று மொழியிலும் வரும். கண் என்ன செய்கிறது என்பதோ ஒரு மொழியிலும் தெரியாது.

பிள்ளையின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுங்கள். கண்ணை அரை நிமிடம் மூடச் சொல்லி, ஜன்னலோரம் திறக்கச் சொல்லுங்கள். பெரிதாக இருந்த கண்மணி சட்டெனச் சுருங்கும். இருட்டில் சுமார் 8 மில்லிமீட்டர் வரை விரியும் அந்தத் துளை, வெயிலில் 2 மில்லிமீட்டராகிவிடும். தன் உடம்பில் ஒன்று தன்னைக் கேட்காமலே நடப்பதைக் கண்டதும் கேள்விகள் தாமாக வரும்.

அடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் நீட்டும் பேனாவுக்கு மூடி போடச் சொல்லுங்கள். முதல் முறை பெரும்பாலும் தவறும். இரு கண்களும் சற்றே வேறான இரண்டு படங்களைத் தருகின்றன; அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணிக்கிறது.

பெரிய பிள்ளைகளென்றால், தாளில் 8 செ.மீ. இடைவெளியில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, வலப்பக்கம் ஒரு புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல நெருக்கினால், சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி மறைந்துபோகும். பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் விழித்திரைக்கு ஒளியுணரும் செல்கள் இல்லை. நான்கு வயதுப் பிள்ளையிடம் இதை முயலாதீர்கள். பார்வை ஓரிடத்தில் நிற்காது.

இதெல்லாம் விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். இதே பெங்களூரில் சி.வி. ராமன் தம் கடைசி ஆண்டுகளில் நிற வடிகட்டிகளைக் கண்முன் பிடித்துப் பார்த்தே பார்வையை ஆராய்ந்தார். 1968இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார்.

ஒற்றைக் கண் விளையாட்டில் பெற்றோருக்கும் ஒரு சேதி உண்டு. ஒரு கண்ணை மூடினால் பேசாமல் இருக்கும் பிள்ளை, மற்றதை மூடினால் மட்டும் சிணுங்கிக் கையைத் தட்டிவிட்டால் கவனியுங்கள். பலவீனமான கண் தரும் படத்தை மூளை ஒதுக்கப் பழகியிருக்கலாம். பிள்ளை தானாகச் சொல்லாது; எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கும். ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடியும், நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டும் நன்றாகவே பலன் தரும். சந்தேகம் வந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பெங்களூரில் 1896 முதல் இயங்கும் மின்டோ அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.