புல்வெட்டியில் பிறந்த பந்தய எஞ்சின்

கோ-கார்ட்டின் முதல் எஞ்சின் புல்வெட்டும் இயந்திரத்துக்காகத் தயாரிக்கப்பட்டது. 1956-ல் கலிபோர்னியாவின் கிளென்டேலில், பந்தயக் கார் கட்டும் தொழிலில் இருந்த ஒருவர் இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, உட்கார்ந்தால் தரையைக் கையால் தொட்டுவிடக்கூடிய ஒரு சின்ன வண்டியைச் செய்தார். விற்காமல் தேங்கிய சரக்கிலிருந்து மலிவாகக் கிடைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றை அதன் பின்னால் மாட்டினார். அதன் சக்தி சுமார் இரண்டரை குதிரைத்திறன். அடுத்த ஆண்டுக்குள் பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதான வாகன நிறுத்தத்தில் விடுமுறை நாட்களில் இப்படிப்பட்ட வண்டிகள் வரிசைகட்டி ஓடத் தொடங்கிவிட்டன.

இந்த வண்டிகளுக்கென்று அப்போது தனி எஞ்சின் கிடையாது. புல்வெட்டி, தண்ணீர் இறைக்கும் பம்பு, மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் என்று எதில் சின்ன எஞ்சின் இருந்ததோ அதையெல்லாம் கழற்றி மாட்டினார்கள். இவற்றில் பல விஸ்கான்சின், ஐயோவா போன்ற மத்திய மேற்கு மாநிலங்களின் சிற்றூர்களில் வார்க்கப்பட்டவை. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள மக்கோகெட்டா என்ற ஐயோவா ஊரின் பிழைப்பே ஒரு காலத்தில் எஞ்சின் தொழிற்சாலையை நம்பி இருந்தது. விவசாயி வேலைக்கு வாங்கிய அதே எஞ்சினை அவர் மகன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் வழக்கமான வேகத்தைப்போல இரண்டு மடங்கு சுற்றவிட்டான். வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்க்காத வேலை அது. அதையும் அந்த எஞ்சின்கள் தாங்கின.

1959-ல் நிலைமை மாறியது. லாஸ் ஏஞ்சலஸில் சங்கிலி ரம்பம் தயாரித்துவந்த ஒரு நிறுவனம், தன் ரம்ப எஞ்சினையே திருத்தி, கார்ட்டுக்கென 80 சிசி எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரம்பத்திலிருந்து வந்ததுதான் அதன் பலம். மரத்தில் ஏறி நின்று சாய்த்தும் கவிழ்த்தும் அறுக்கும் கருவிக்கு மிதவை வைத்த கார்புரேட்டர் உதவாது. மெல்லிய சவ்வு ஒன்று துடித்துப் பெட்ரோலை இழுக்கும் டயாஃப்ரம் கார்புரேட்டர்தான் அதற்குச் சரி. வளைவில் வண்டி எவ்வளவு விசையோடு பக்கவாட்டில் இழுத்தாலும் பெட்ரோல் ஓட்டம் அறுபடாது. நம் ஊரில் வயலுக்கு மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயரையும் புல் அறுக்கும் கருவியையும் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சவ்வு புதிதல்ல.

போட்டி விதிகள் எஞ்சினின் அளவை நிர்ணயித்தன. அமெரிக்காவில் 5.8 கன அங்குலம், அதாவது சுமார் 95 சிசி, ஒரு பிரிவின் எல்லையானது. அதை ஒட்டியே எஞ்சின்கள் வார்க்கப்பட்டன. ஐரோப்பாவில் 100 சிசி நிலைத்தது. 1964-ல் ரோமில் முதல் உலகக் கார்ட்டிங் சாம்பியன் போட்டி நடந்தபோது இத்தாலியப் பட்டறைகளின் எஞ்சின்கள் அமெரிக்காவின் ரம்ப எஞ்சின்களைத் தாண்டிப் போய்விட்டன. அங்கிருந்து அந்தக் கதை வேறு திசையில் செல்கிறது.

மினிபைக்கின் வரலாறு இதற்கும் முந்தையது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் படைக்காக 1942 முதல் தயாரான வெல்பைக் 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஓடியது. எடை சுமார் 32 கிலோ. மடித்து உருளைப் பெட்டியில் அடைத்து விமானத்திலிருந்து போட்டார்கள். பெட்ரோல் தொட்டி கார்புரேட்டருக்குக் கீழே இருந்ததால், ஓட்டுவதற்கு முன் கைப்பம்பால் தொட்டிக்குள் காற்றடிக்க வேண்டும். போருக்குப் பின் அமெரிக்காவில் பந்தயத் திடல்களின் பின்புறம் மெக்கானிக்குகள் இங்கும் அங்கும் போய்வரச் செய்துகொண்ட குட்டி வண்டிகள்தான் அறுபதுகளில் சிறுவர்களின் மினிபைக் ஆயின. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் மாட்டியவை குறைவு, வேகமானவை, இன்று தேடி அலைந்தால்தான் கிடைப்பவை.

தேடி எடுத்தவர்கள் அவற்றை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கவலை இருக்கிறது. சிலிண்டர் தகடுகளைத் துலக்கி, கவசத்துக்குப் பழைய நிறத்தில் வண்ணம் பூசி, கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அறுபது ஆண்டு பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. காரணம் கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் இருக்கும், மோதிரம் போன்ற ரப்பர் சீல்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறை வெறும் எண்ணெய்த் தொட்டி. அங்கே சீல் கசிந்தால் தரையில் நான்கு சொட்டு எண்ணெய் விழும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் அந்த அறையே பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது அறைக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர் வழியே பெட்ரோலும் எண்ணெயும் கலந்த காற்று உள்ளே வருகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டுத் துளைகள் வழியே சிலிண்டருக்குள் ஏறுகிறது. நிமிடத்துக்கு எட்டாயிரம் முறை அந்த அறை உறிஞ்சுகிறது, எட்டாயிரம் முறை அழுத்துகிறது. இந்த இரண்டு வேலைக்கும் காவல் அந்த இரண்டு சீல்கள்தான். அவற்றில் ஒன்று காய்ந்து வெடித்தால், உறிஞ்சும் நேரத்தில் வெளிக்காற்று தனியாக உள்ளே நுழைகிறது. கலவையில் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் எண்ணெயும் குறைகிறது. சூடு கூடும் அதே வேளையில் வழவழப்பு போய்விடுகிறது.

எழுபது, எண்பதுகளின் டூ ஸ்ட்ரோக் பைக்குகளைப் பார்த்துவந்த நம் மெக்கானிக்குகளுக்கு இதில் ஒரு துப்பு கிடைக்கும். கியர்பாக்ஸ் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை கக்கும், ஆயில் அளவும் குறையும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். கார்ட் எஞ்சினில் கியர்பாக்ஸ் கிடையாது. இரு பக்கமும் வெறும் காற்றுதான். புகையும் வராது, சொட்டும் விழாது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இறங்காமல் சில நொடிகள் இரைந்துகொண்டே இருக்கும். அது மட்டுமே எச்சரிக்கை. பழக்கமில்லாதவர் காதில் அது எஞ்சின் நன்றாக இழுப்பதுபோலக் கேட்கும். பிளக்கைக் கழற்றினால் பீங்கான் முனை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். அதையும் கவனிக்காமல் விட்டால், பிஸ்டனின் சைலன்சர் பக்கம் நெடுக்காகக் கீறல் விழுந்து, அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பி, எஞ்சின் சீஸ் ஆகிவிடும். அந்தப் பிஸ்டனுக்கு மாற்று இன்று எளிதில் கிடைக்காது. கெடுத்தது சில ரூபாய் ரப்பர். ஆனால் பழி விழுவது எப்போதும் கார்புரேட்டர் மேல்தான்.

சோதிக்கும் முறை எளிது. கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, அந்த வாய்களை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து இறுக்கி அடைக்க வேண்டும். பிளக் அதன் இடத்தில் இருக்கட்டும். அடைத்த தகடுகளில் ஒன்றில் வால்வு டியூப் முனையைப் பொருத்தி, சைக்கிள் பம்பால் மெல்ல 6 பிஎஸ்ஐ வரை காற்றேற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் நல்ல சீலின் உதடும் புரண்டுவிடும். பிறகு மேக்னட் சக்கரத்தைக் கழற்றிய பக்கத்தில், தண்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓட்டமாட்டோம் என்று அலமாரியில் வைத்திருந்த எஞ்சின்களில் சில நொடிகளில் தண்டின் ஓரத்தில் கடுகு அளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். அழுத்தத்துக்குத் தாங்கிய சீல் வெற்றிடத்துக்குத் தாங்காமலும் போகலாம். அதனால் உறிஞ்சிப் பார்த்தும் சோதிப்பதுதான் முழுமை.

சும்மா நிற்பது சீலைக் கொல்வதன் காரணம் கண்ணுக்குத் தெரியாது. ஓடும் எஞ்சினில் சீலின் உதடு எப்போதும் எண்ணெயில் நனைந்தபடி இருக்கிறது. நின்றுபோனால் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாக இறுகுகிறது. உதடு தண்டோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் ஓரத்தில் ஈரம் தங்கித் தண்டில் மெல்லிய துரு வளையம் உண்டாகிறது. இருபது வருடம் கழித்து யாரோ ஆர்வத்தில் கயிற்றை இழுக்கும்போது, அந்த முதல் சுற்றிலேயே உதடு கிழிகிறது.

எரிபொருளும் சேர்ந்து கெடுக்கிறது. இந்த எஞ்சின்கள் வந்த காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலானது 10 விழுக்காடு எத்தனால் கலந்தது, இந்தியாவில் 20 விழுக்காடு வரை வந்துவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து தண்ணீரோடு அடியில் தங்கும். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், சவ்வு விறைக்கும், கார்புரேட்டரின் வார்ப்பு உலோகம் வெள்ளையாகப் பூக்கும். அதிகம் பேசப்படும் இந்த எத்தனால் கேட்டிலும் முதலில் அடிபடுவது ரப்பர்தான்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். அந்தக் காலக் கையேடுகள் காலனுக்கு அரை பைண்ட், அதாவது 16-க்கு 1 என்ற கணக்கில் எண்ணெய் கேட்டன. லிட்டருக்கு 62 மில்லி. இன்றைய 2டி ஆயில் டப்பாவில் 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி என்று போட்டிருக்கும். புது எண்ணெய் தரமானது என்பதால் குறைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் சில பழைய எஞ்சின்களில் கனெக்டிங் ராடுக்கு ஊசி பேரிங் இல்லை, வெறும் வெண்கல புஷ் மட்டுமே. அது எண்ணெயை வாரிக் குடிக்கும். பந்தயத்துக்கு அன்று ஊற்றியது ஆமணக்கு எண்ணெய், நம் வீட்டு விளக்கெண்ணெயேதான். சூட்டில் கருகாமல் உலோகத்தைப் பிடித்துக்கொள்வதில் அதற்கு இணை குறைவு. ஆனால் ஓட்டி முடித்தபின் அப்படியே விட்டால் ரிங்குகளைக் கோந்துபோல் ஒட்டவைத்துவிடும். அதற்கும் நிறுத்தி வைப்பது ஆகாது.

மேக்னட், பாயிண்ட், கண்டென்சர் பகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாயிண்ட் முனையைத் துடைத்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் பெரும்பாலும் பொறி வந்துவிடும்.

இந்த எஞ்சின்கள் எரியாத பெட்ரோலையே நான்கில் ஒரு பங்கு வரை சைலன்சர் வழியே வெளியே விடுகின்றன, நகரத்தில் இவற்றை ஓட்டவே கூடாது என்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஓடும் எஞ்சினைப் பற்றியே இங்கே பேச்சு.

புது சீல் கிடைக்காது என்பது தவறான எண்ணம். பழைய சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரால் அளந்து, அங்குலக் கணக்கில் எழுதிக்கொண்டு பெரிய பேரிங் கடையில் கேட்டால் பெரும்பாலான அளவுகள் கிடைக்கும். சாதாரண நைட்ரைல் ரப்பரைவிட ஃப்ளோரோ ரப்பர் எத்தனாலை நன்றாகத் தாங்கும், விலை சற்றுக் கூடுதல். துரு வளையத்தை மெல்லிய எமரித் தாளால் சுற்றுவாக்கில் மட்டும் தேய்த்தெடுக்க வேண்டும், நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகள் வழியே காற்று நுழையும். மேக்னட் சக்கரத்தின் சாவி உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கத்திபோல் இருக்கும். அதன்மேல் வழுவழுப்பான டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உதட்டில் 2டி ஆயில் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் கிராங்க் அறையை நோக்கும்படி, நேராகத் தட்டி உட்காரவைக்க வேண்டும். பிறகு மறுபடி சைக்கிள் பம்பு, மறுபடி சோப்புத் தண்ணீர். குமிழி வரவில்லை என்றால் மட்டும் கார்புரேட்டரின் ஊசியைத் தொடலாம்.