துளசிப் பூவும் கத்தரிக் காயும்

கொழும்பு போன்ற நகரங்களில் மாடி முகப்பிலே சாடிகளில் செடி வளர்ப்போர் பலர். துளசியை அவர்கள் இலைக்காகவே நடுவர். பூங்கதிர் தோன்றியவுடன் கிள்ளி எறிவர். பக்கத்துச் சாடியிலுள்ள கத்தரி காய்க்காது பூவுதிர்த்தால், எருக் குறைவென்று எண்ணுவர். குறை எருவில் மட்டும் இருப்பதன்று.

கத்தரிப் பூவின் மகரந்தம், மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளைகளின் வழியே வெளிப்படுவது. காற்றசைவால் அது ஓரளவே உதிரும். பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்யும் தேனீயே அதனை நன்கு உதிர்க்கவல்லது. அடைகட்டும் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. வயிற்றிலே நீல வரிகளையுடைய, தனித்து வாழும் தேனீக்கு அது கைவந்த கலை. அத்தேனீ தேனுக்காக விரும்பி நாடும் மலர்களுள் துளசியும் ஒன்று.

ஆகவே, பாதிக் கதிர்களைக் கிள்ளி இலைக்காக வைத்து, மீதியைப் பூக்க விடுதல் நன்று. திருநீற்றுப்பச்சைக்கும் இதுவே முறை. சாடிகள் வெயில் படும் இடத்தில் அருகருகே இருத்தல் வேண்டும். அடியில் நீர் வடியத் துளையும், மண்ணுடன் மணலும் உக்கிய சாணமும் வேண்டும். பூக்குங்காலத்தில் பூச்சிகொல்லி தெளித்தலோ தகாது. செடியைக் காக்க முனையும் கையே, அது காய்க்கும் வழியை அடைத்துவிடும்.